புத்தூர்க் கட்டும் தீபாவளி மலரும்

"கதை என்ன ஆச்சு நாகேந்திரன்? மலர் அச்சுக்குப் போக இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நாகேந்திரனுக்கு வியர்த்துக் கொட்டியது. பேசுகிறவர் அண்ணாதுரை, சென்னை வாரப் பத்திரிகை ஒன்றின் உதவி ஆசிரியர். அதே பத்திரிகையில் ஒரு வாரம்கூடத் தவறாமல் தொடர்கதையும் எழுதுகிற புண்ணியவான். போன வருஷம் நாகேந்திரனின் முதல் கதையைப் போட்டவரும், தீபாவளி மலருக்கு இன்னொன்று கேட்டவரும் அவர்தான்.

அந்த இன்னொன்றைத்தான் காணோம். தெலுங்கு நாட்டு எல்லையோரம், கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் நாகேந்திரன் ஸ்டோர் கீப்பர். டப்பா டப்பாவாகக் கூழ் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. சீசன் முடிந்துவிட்டால் வேலை இல்லை, எழுத நேரமோ நேரம். இரண்டு மாதமாகத் தினமும் தாளை எடுத்து வைப்பான், பேனாவைத் திறப்பான், மூடி வைத்துவிட்டுத் தூங்கிப் போவான். பேனாவை மாற்றினான். இடத்தை மாற்றினான். காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தான். ஒரு வரி வந்தால்தானே. முதல் கதை ஏதோ தப்பித் தவறி வந்ததுதானோ, உள்ளே சரக்கு அவ்வளவுதானோ என்று பயந்து செத்தான். அதை அண்ணாதுரையிடம் சொன்னால் அத்தோடு அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

"கை ஒடிஞ்சிடுச்சி சார்," என்றது அவன் வாய், அவனைக் கேட்காமலே.

"ஐயையோ. எந்தக் கை?"

"வலது கை சார். எழுதற கை."

"அடடா. முதல்ல உடம்பைப் பாருங்க. கதை எங்க போயிடப் போகுது?"

அப்பாடா என்று கூண்டை விட்டு வெளியே வந்தான். பூத் முதலாளி கிருஷ்ணப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக் கூண்டு என்பதெல்லாம் பெயருக்குத்தான், உள்ளே தும்மினால் வெளியே கேட்கும்.

"இன்னாப்பா, கை ஒடிஞ்சிடுச்சின்றே, வீசிக்கினு வர?"

நாகேந்திரன் கையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டான். "லேசா சுளுக்குதான்."

"பத்திரிகைக்காரர்கிட்ட ஒடிஞ்சிடுச்சின்னே. அவ்ளோ பெரிய மன்சன்கிட்ட பொய்யா சொல்லுவே? ஏறு வண்டில."

மொபெட் வீட்டு வாசலில் நின்றதும் கிருஷ்ணப்பா தெருவுக்கே கேட்கிறமாதிரி விஷயத்தைச் சொன்னார். மனைவி ஸ்ரீதேவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எங்க உளுந்தீங்க? எப்போ உளுந்தீங்க?"

"தண்ணித் தொட்டிகிட்ட. பாசி வழுக்கிச்சி."

அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்ரீதேவி தெலுங்கு மீடியம் படித்தவள், தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அப்படியும் அவன் முதல் கதை வந்த பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். மலரில் அடுத்த கதை வரப்போகிறது என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து, கதையே வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"எக்ஸ்ரேவும் வேணாம், மாவுக்கட்டும் வேணாம். புத்தூர்க் கட்டு போட்டுக்கினா தானா கூடிடும்," என்று அன்று மதியமே பஸ் ஏற்றிவிட்டாள்.

புத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் பாலையா எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர். கையை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். அழுத்தாத இடத்திலும் நாகேந்திரன் முனகினான். பாலையா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, கட்டறேன். கட்டறதால கெடுதல் ஒன்னும் இல்ல."

பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி என்று விரலிலிருந்து முழங்கை வரை இறுக்கிக் கட்டினார்.

"இருபத்தொரு நாளு அவுக்கக்கூடாது."

மறுநாளிலிருந்து தெருவே சாத்துக்குடியோடு வந்தது. அந்தப் பக்கத்தில் எலும்பு ஒடியாத மனுஷரே இல்லை போலிருந்தது. ஒவ்வொருவரும் உட்கார்ந்து தாங்கள் விழுந்த கதையைச் சொன்னார்கள். ஸ்ரீதேவி ஊட்டிவிட, வாய் நிறையச் சோற்றோடு நாகேந்திரன் கேட்டுக்கொண்டிருந்தான். வேறு என்னதான் செய்வது? மூன்றாம் நாள், தொழிற்சாலையில் மாம்பழம் வெட்டும் கமலம்மா வந்தாள்.

"என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குத்தான் மரத்துலேந்து உளுந்தேன். சொன்னா சம்பந்தம் நின்னுடுமே. ஒடிஞ்ச கையோட காபித் தட்டு தூக்கினேன். கண்ணுல தண்ணி கொட்டுது. இவளுக்கு எம்மேல ஆச, அதான் அழுதான்னு எங்க ஊட்டுக்காரரு இன்னிக்கும் சொல்லிக்கினு திரியறாரு."

அவள் போன அரை மணியில் நாகேந்திரனுக்குள் முதல் வரி வந்தது. பின்னாலேயே இரண்டாவது. சரக்கு தீர்ந்து போகவில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே பேனாவை எடுக்கப் போனான். கை எங்கே? கட்டுக்குள் இருந்தது.

"நீங்க சொல்லுங்க, நா எழுதறேன்," என்று ஸ்ரீதேவி நோட்டை எடுத்தாள்.

தமிழ்க் கதையைத் தெலுங்கு எழுத்தில் எழுதினாள். நடுநடுவே சிரித்தாள். இரண்டே நாளில் பதினாலு பக்கம்.

"கை ஒடிஞ்சதும் நல்லதாப் போச்சி பாருங்க."

நல்லதுதான், சென்னையில் அதை யார் படிப்பது? தமிழில் மாற்றி எழுத அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் ஆள். அவன் கையெழுத்தோ அண்ணாதுரைக்கு அத்துப்படி. ஒடிந்த கையால் எப்படி எழுதினாய் என்று கேட்டால்? இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணப்பா வந்து, மெட்ராசிலிருந்து போன் என்று இழுத்துப் போனார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தவரிடம், புத்தூர்க் கட்டு போட்டிருக்கிறது என்றான்.

"அந்தக் கட்டு எத்தனை நாள் இருக்கும் நாகேந்திரன்?" என்று கேட்டார் அண்ணாதுரை.

"இருபத்தொரு நாள் சார்."

"பேனாவே பிடிக்க முடியாதா?"

"முடியாது சார்."

"கட்டினவர் பேரு என்ன? எங்க இறங்கணும்?"

கேட்டு, எழுதிக்கொண்டார்.

"திருப்பதிக்கு வர்ற வேலை இருக்கு. அப்படியே அவரையும் பார்த்துடறேன்."

போன் வைக்கப்பட்டது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நேரிலேயே விசாரிக்க வருகிறார். பாலையா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய் சொன்னவன் என்று பெயராகிவிடும். இத்தனை நாள் தவம் கிடந்து வந்த பதினாலு பக்கமும் வீண். மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், கட்டு இறுக்குகிறது, காட்டிவிட்டு வருகிறேன் என்று ஸ்ரீதேவியிடம் சொல்லிவிட்டுப் புத்தூர் பஸ்ஸைப் பிடித்தான்.

பாலையா யாருக்கோ மூங்கில் தப்பை சீவிக்கொண்டிருந்தார்.

"அய்யா, என் கையி ஒடியவே இல்ல."

"அது கட்டும்போதே தெரியும்பா."

"மெட்ராசுலேந்து அண்ணாதுரைன்னு ஒருத்தரு விசாரிக்க வருவாரு. ஒடிஞ்சிதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க அய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பாலையா கத்தியைக் கீழே வைத்தார்.

"அவரு நேத்தே வந்துட்டுப் போய்ட்டாருப்பா, தொடர்கதைக்கு ஒரு மாசமா ஒன்னுமே தோணலியாம், நல்லா இருக்குற வலது கைக்கு ஒரு கட்டு போட்டுக்கினு, நாகேந்திரன்னு ஒருத்தரு வந்து கேட்டா தன் கையி நெஜமாவே ஒடிஞ்சிதுன்னு சொல்லச் சொன்னாரு."