துண்டுக்குள் தூங்கிய அரசாணிக்காய்

ஒரு காய்க்கு வெயில் படக்கூடாதென்று குழந்தை வண்டியில் படுக்கவைத்து, பெல்ட் மாட்டி, துண்டு போர்த்தி, ஒரு கிலோமீட்டர் தூரம் தள்ளிக்கொண்டு போனவன் நான். வழியில் ஹாரன் அடித்த லாரிக்காரரை நிறுத்திக் கண்டித்தும் இருக்கிறேன். இதை நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லது. நான் விட்டால் என் மனைவி கவிதா சொல்வாள். அவள் சொல்லும்போது அந்த ஒரு கிலோமீட்டர் மூன்றாகிவிடுகிறது.

நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. என் தங்கை சுமதியின் மகளுக்குக் காதுகுத்து. சங்ககிரிப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் விசேஷம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், தோடும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். அந்தத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். நான் போய்ச் சேராவிட்டால் ஆசாரி ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதினொரு மணியோடு நல்ல நேரம் முடிகிறது என்று தங்கை மூன்று நாளாகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோடு அன்று காலையில்தான் நகைக்கடையில் கிடைக்கும் என்றார்கள். அதனால் சீர்த் தட்டுகளோடும் என் அப்பா அம்மாவோடும் கவிதா விடிகாலையிலேயே காரில் கிளம்பினாள். கார் நிறையத் தட்டும் பழமும். "புள்ளைங்க ரெண்டு பேரையும் மடியில போட்டுக்கிட்டு நானே கூட்டிட்டுப் போயிடறேனுங்க" என்றாள். நான் கெத்தாக, "ரெண்டு புள்ளைய பஸ்ஸுல கூட்டிட்டு வாரதுக்கு ஆளில்லையா? தூங்கறதுகளை எழுப்பாத, போ" என்றேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் நான் அன்று முழுக்கப் பாடுபட்டேன்.

மகள் யாழினிக்கு அப்போது நாலரை வயது. மகன் கவினுக்குப் பத்து மாதம், நல்ல கனம். அவனுக்காகப் பெங்களூர் மச்சினன் ஒரு தள்ளுவண்டி வாங்கித் தந்திருந்தான். எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர்கள் எல்லாம் "காய்கறி வண்டி ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். (அவர்கள் வாய்க்கு எவ்வளவு சக்தி பாருங்கள்.) கிளம்புகிற நேரத்தில் கவிதா போன் செய்தாள். சமையல்காரருக்கு ஒரு அரசாணிக்காய் குறைகிறதாம், வரும் வழியில் வாங்கி வரச் சொன்னாள். மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்பார்களே, அதுதான். உருண்டையாக, மஞ்சளாக, கவின் அளவுக்கே ஒன்று வாங்கி வண்டியின் அடிக்கூடையில் வைத்தேன். தோட்டு டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

திருச்செங்கோட்டிலிருந்து அந்த ரூட்டில் அப்போதுதான் படியே இல்லாத தாழ்தள டவுன் பஸ் ஒன்று விட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அது வந்து நிற்பதற்குள் நூறு பேர் ஓடினார்கள். நான் சளைத்தவனா? ஓடிக்கொண்டே பச்சைத் துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்தேன். துண்டு போட்டு இடம் பிடிப்பதில் கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு நல்ல பெயர். உள்ளே ஏறிப் பார்த்தால், துண்டு விழுந்திருந்தது சீட்டில் இல்லை. நடு வாசலுக்கு எதிரே சீட்டே இல்லாமல் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில், தரையில் கிடந்தது. தள்ளுவண்டிக்கு அளவெடுத்து விட்டதுபோல இருந்தது அந்த இடம். அரசாங்கத்தின் கரிசனத்தை நினைத்து மனம் குளிர்ந்துவிட்டது.

யாழினி சுவரைக் காட்டி, "அப்பா, இங்க சக்கர நாற்காலி படம் போட்டிருக்குதுங்க" என்றாள்.

"நம்ம வண்டிக்கும் சக்கரம் இருக்குதுல்ல? அதான் சாமி" என்றேன்.

இப்படியும் ஓர் அறிவு எனக்கு இருந்தது. வண்டியை அங்கே நிறுத்தி, பக்கத்து சீட்டில் மகளோடு உட்கார்ந்து, கவிதாவுக்கு ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினேன். 'ராஜா மாதிரி வர்றோம்' என்று கீழே எழுதியும் அனுப்பினேன். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருக்கிறது.

நான்காவது நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கி, வாசலில் மடித்து வைத்திருந்த சாய்தளப் பலகையை விரித்தார். சக்கர நாற்காலியில் ஒரு அக்கா ஏறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு கைப்பை, அதன்மேல் டிபன் பாக்ஸ். தினமும் போகிறவர் என்பது தெரிந்தது. கண்டக்டரே, "வாங்க ஈஸ்வரியக்கா" என்றார். அக்கா நேராக என் வண்டி முன்னால் வந்து நின்றார்.

"வண்டியக் கொஞ்சம் அக்கட்டால எடுத்துக்கிறீங்களா?"

என் வாயிலிருந்து வந்த பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது. "இல்லீங்க, நான் துண்டு போட்டிருக்கேனுங்க" என்றேன்.

ஈஸ்வரி அக்கா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "உங்களுக்கு இதை உட்டா வேற சீட்டு இருக்குதுங்க. எனக்கு இந்த பஸ்ஸ உட்டா வேற பஸ்ஸே இல்லீங்க" என்றார்.

உடனே எழுந்தேன். விட்டுக்கொடுக்க மனம் வந்துவிட்டது, வண்டிதான் வரவில்லை. அதை மடித்தால்தான் வேறெங்காவது வைக்க முடியும். எனக்கோ மடிக்கத் தெரியாது. இத்தனைக்கும் நான் ரிக் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறவன். ஆழ்துளைக் கிணறு போடும் ராட்சத இயந்திரத்தின் எந்தத் திருகு எந்த ரேக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கவினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் இழுத்தேன், திருகினேன், உதைத்தேன். அசையவில்லை.

"புள்ளைய இப்படிக் குடுங்க" என்று ஈஸ்வரி அக்கா கையை நீட்டினார். கவின் தாவிப் போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டான். பிறகு பஸ் முழுக்க ஆளுக்கொரு யோசனை சொன்னது. "லாக் இருக்குமுங்க." "தலைகீழாத் திருப்புங்க." ஒரு லாரி மெக்கானிக் எழுந்து வந்து படுத்துப் பார்த்தார். "கிரீஸ் போடலீங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். தலைகீழாகத் திருப்பியதில் அரசாணிக்காய் உருண்டு டிரைவர் வரைக்கும் போனது. பிரேக் போட்டால் முன்னால் போகும், வேகமெடுத்தால் பின்னால் வரும். கடைசியில் பின் சீட்டு அம்மா ஒருவர் அதைப் பிடித்து, என் பச்சைத் துண்டிலேயே சுற்றி முடிந்து, தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

யாழினி என் சட்டையை இழுத்தாள். "அப்பா, அம்மா கால்ல அந்தச் செகப்ப மிதிப்பாங்க."

மிதித்தேன். வண்டி படக்கென்று மடிந்து என் முழங்காலைக் கடித்தது. பஸ்ஸில் கைதட்டினார்கள்.

ஈஸ்வரி அக்கா தன் இடத்தில் நாற்காலியை நிறுத்திப் பெல்ட் போட்டுக்கொண்டார். கவின் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி தூங்கிவிட்டிருந்தான். "தூங்கட்டுமுங்க, எறங்கறப்ப வாங்கிக்கலாம்" என்றார். கோயிலுக்கு அடுத்த ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறாராம். நானும் காதுகுத்து, தாய்மாமன், தோடு என்று என் பெருமையை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். தோட்டு டப்பாவை எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை.

அப்போது கவிதாவிடமிருந்து போன். "எங்க இருக்கீங்க? மணி பத்தரையாச்சு, ஆசாரி வந்து உட்கார்ந்துட்டாரு." அதே நேரம் கண்டக்டர், "கோயில் பிரிவு, கோயில் பிரிவு" என்று குரல் கொடுத்தார். எனக்குக் கோயில் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. பதறி எழுந்தேன். போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் மடித்த வண்டி, மறு கையில் யாழினி, தோளில் பை என்று குதித்து இறங்கினேன். பின் சீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பச்சைத் துண்டு மூட்டையை நீட்டினார். "பத்திரமுங்க, கனமா இருக்குது" என்றார். வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். உருண்டையாக, கனமாக, இத்தனை நேரம் பின் சீட்டுக்கடி இன்ஜின் சூடு பட்டதில் கதகதப்பாக இருந்தது. என் மனக்கணக்கு சரியாகிவிட்டது. கையில் ஒன்று, தோளில் ஒன்று.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே நீண்டு என்னைப் பார்த்துக் கைகளை ஆட்டின. ஏதோ கத்தினார்கள். ஒரு வண்டி மடித்ததற்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் கையாட்டினேன். "டாட்டா சொல்லு சாமி" என்று யாழினியையும் ஆட்டச் சொன்னேன்.

அவள் ஆட்டவில்லை. "அப்பா, தம்பி..." என்று ஆரம்பித்தாள்.

"உஷ். பேசுனா முழிச்சுக்குவான்" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். என் மகள் அப்பா சொல் தட்டாதவள். அன்றைக்கு மட்டும் தட்டியிருக்கலாம்.

வண்டியை விரித்து, மூட்டையைப் படுக்கவைத்து, பெல்ட் மாட்டினேன். இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, அதைத் தாண்டிக் கோழிப் பண்ணை. நிழலே இல்லை. முகத்தில் வெயில் படாமல் துண்டை இழுத்துவிட்டேன். குழி வந்தால் வண்டியை லேசாகத் தூக்கித் தாண்டினேன். தீவன லாரி ஒன்று ஹாரன் அடித்தபோதுதான் கையை நீட்டி நிறுத்தி, "கொழந்தை தூங்குதுங்க, பார்த்தாத் தெரியலீங்களா?" என்றேன். அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். அவரை மறுபடி பார்த்தால் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து ஐம்பது. வாசலில் என் சொந்தபந்தம் மொத்தமும் வரிசையாக நின்றது. ஒருவரும் பேசவில்லை. மேளக்காரர்கூடக் குச்சியை மடியில் வைத்திருந்தார். என் மேல் இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்து எல்லோருக்கும் ஜாடை காட்டியபடியே உள்ளே நுழைந்தேன்.

கவிதா முன்னால் வந்தாள். "பையன் எங்கீங்க?"

"தூங்கறான். வழியெல்லாம் ஒரு சத்தம் இல்ல. நீ என்னமோ ஒரு பார்வை பார்த்தியே" என்றேன்.

"எடுங்க. பால் குடுக்கோணும்."

"தூங்கற புள்ளைய எதுக்கு எழுப்பறே?"

"பரவால்லீங்க. எடுங்க."

பெருமையாகத் துண்டை விலக்கினேன். காம்பு தெரிந்தது.

சிரிப்பாகத்தான் இதுவரை சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த நொடி சிரிப்பில்லை. ஜன்னல்களில் நீண்ட கைகள், கத்திய வாய்கள், ஈஸ்வரி அக்காவின் மடி எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தது. பஸ் எந்த ஊருக்குப் போயிருக்கும், அந்த அக்காவை எங்கே தேடுவது, அவன் விழித்து யாரைத் தேடி அழுவான் என்றெல்லாம் மனம் ஓடியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். சத்தமாகவே அழுதேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து "ப்பா" என்று ஒரு குரல் வந்தது. ஈஸ்வரி அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். மடியில் கவின், கையில் சீர்த் தட்டு வாழைப்பழம்.

நடந்தது இதுதான். நான் இறங்கியது கோயிலுக்குத் திரும்பும் பிரிவில். பஸ் கோயில் வாசல் வழியாகத்தான் போகும். பிள்ளை மடியில் இருப்பதை அக்கா சொன்னதும் பஸ்ஸே என்னைக் கூப்பிட்டிருக்கிறது, நான் டாட்டா காட்டியிருக்கிறேன். "அப்பன் நடந்து வரட்டுமுங்க, புள்ளை பஸ்ஸுல போகட்டும்" என்று கண்டக்டர் முடிவு செய்துவிட்டார். கோயில் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, "காதுகுத்து ஊட்டுக்காரங்க யாருங்க? தாய்மாமன் புள்ளை வந்திருக்குது, தாய்மாமன் பின்னாடி வாராரு" என்று கத்தியிருக்கிறார். அம்மா வந்தால்தான் தருவேன் என்று சொல்லி, கவிதாவை வரவழைத்துத்தான் அக்கா கவினைக் கொடுத்திருக்கிறார். கவிதா முதலில் அழுதாளாம், பிறகு பல்லைக் கடித்தாளாம். பிறகு, "நீங்க எறங்குங்கக்கா. அவரு வந்து சேர்ற அழகைப் பார்க்காமப் போகக் கூடாது" என்றாளாம். அக்கா அரை நாள் கடையைத் திறக்காமல் விட்டுவிட்டு அந்த அழகைப் பார்க்க இறங்கிவிட்டார்.

யாழினியைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது சொல்லக் கூடாதா கண்ணு?" என்று என் அம்மா கேட்டாள். "பேசக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க" என்றாள் மகள்.

காதுகுத்து நல்ல நேரத்துக்குள்ளேயே நடந்தது. ஆல்பத்தில் பாருங்கள்: என் மடியில் தங்கை மகள் காதில் தோட்டோடு சிரித்துக்கொண்டிருப்பாள், நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பேன். ஈஸ்வரி அக்காவிடம் போய், "துண்டு போட்டதுக்கு மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன். "அத உடுங்க. போடற எடத்துல போட்டீங்கன்னா துண்டு நல்லதுதானுங்க" என்று சொல்லிவிட்டு, இலையில் இன்னும் கொஞ்சம் அரசாணிப் பொரியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வராமல் இருந்ததில்லை. அவர் வரும் பஸ் நேரத்தை வைத்துத்தான் இப்போது நாங்கள் பந்தி போடுகிறோம்.

வீட்டில் அரசாணிக்காய் வாங்கினால், "மெல்ல அறுங்க, தூங்குது" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. பஸ்ஸில் அந்த நடு வாசல் இடம் காலியாகவே கிடந்தாலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருகிறேன். துண்டு கொண்டுபோவதையே விட்டுவிட்டேன்.

கவின் இப்போது யு.கே.ஜி. படிக்கிறான். இந்தக் கதையை எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருக்கிறான். எந்த பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் நான் பையைத் தொட்டுப் பார்ப்பதற்குள் முதலில் என் கையைப் பிடித்து எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்வான்.

"அப்பா, நான்தானுங்க" என்பான். "காயில்லீங்க."

நானும் ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.