மாம்பழப் பெட்டியும் வேப்பங்குச்சியும்

தபால் கொண்டுபோய்க் கொடுப்பவளிடம் மக்கள் அதிகம் கேட்கும் கேள்வி, “உள்ள இன்னா இருக்கு?” என்பதுதான். இதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்று. “தெரியாதுங்க.” இவ்வளவு சின்னப் பதிலைக் கற்றுக்கொள்வதற்கு நான் ஒரு பெரிய மனிதரின் மானத்தைச் செலவழிக்க வேண்டியிருந்தது. என்னுடைய மானமும் கொஞ்சம் போனது. ஆனால் அது அவ்வப்போது போய் வருகிற சாமான்தான்.

கிராமத் தபால் வேலைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். தனியாகப் பரீட்சை கிடையாது, இன்டர்வியூவும் கிடையாது. (வாய் அடங்கியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு இன்டர்வியூ வைத்திருந்தால் நான் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.) நான் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடிக்காரி. லாரி ஹாரனில் தூங்கி, கம்பெனி பஸ் ஹாரனில் எழுந்து வளர்ந்தவள். எனக்கு வேலை போட்ட இடமோ நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மாந்தோப்பாக இருக்கிற ஒரு ஊர். மாமரத்தைக் காட்டினால் மாமரம் என்று சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் கேட்கக் கூடாது.

ஆனால் தபால் விஷயத்தில் என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பயிற்சியில் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று அலைந்துகொண்டிருந்தேன்.

“நான் ஊட்டுல இல்லன்னா பக்கத்து ஊட்டுல குடுத்துடுவியா?”

“ரெஜிஸ்டர் தபால்னா முடியாதுங்க. நீங்க எழுதிக் கொடுத்தவங்க கையிலதான் தருவேன்.”

“போன்ல ‘இன்னைக்கு டெலிவரி’ன்னு மெசேஜ் வந்துச்சே, எங்க?”

“இதோ, என் பையிலதான் இருக்கு. கொஞ்சம் டீ குடிச்சு முடிச்சிடறேன்.”

இப்படி ஸ்கூட்டியில் ஒரு நடமாடும் விசாரணை அலுவலகமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் போஸ்ட் மாஸ்டர் செல்வி அக்கா மட்டும், “மஞ்சுளா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்று வாரம் ஒருமுறை சொல்வார். அது எனக்குச் சொன்னது என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள் காலை. பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி வந்தது. பெங்களூரிலிருந்து ஹரீஷ் என்பவர், எங்கள் ஊர் திம்மராயப்பாவுக்கு அனுப்பியது. ஹரீஷ், அவருடைய மூத்த பெண் ரூபாவைத் தை மாதம் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. பெட்டியின் நாலு பக்கமும் வண்ண வண்ணமாக மாம்பழப் படம். மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தேன். கமகமவென்று மாம்பழ வாசனை. (அந்த மாதத்தில் அந்த ஊரில் செங்கல்லை மோந்தாலும் மாம்பழ வாசனைதான் வரும் என்பது ஜூஜுவாடிக்காரிக்கு எப்படித் தெரியும்?)

திம்மராயப்பா ஊரில் நாலு பேருக்கு முன்னால் நிற்கிற மனிதர். தோப்பு இருக்கிறது, மீசை இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பல் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியும் வரிசை குலையாத அந்தப் பல்லைக் காட்டி, “எல்லாம் வேப்பங்குச்சி. பேஸ்ட்டு கீஸ்ட்டு நான் தொட்டதில்ல” என்று டீக்கடையில் அவர் பாடம் நடத்தாத நாள் இல்லை. அவர் பேச்சைக் கேட்டு நானே இரண்டு நாள் வேப்பங்குச்சியை மென்று, மூன்றாம் நாள் வாய் கசந்து விட்டுவிட்டேன்.

அன்று அவர் பால் சொசைட்டியில், கேனோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து தோள் துண்டை வாய்க்குக் குறுக்கே பிடித்தபடிதான் நடமாடினார். யாரோடும் பேசவில்லை. சின்ன மகளுக்கு மறுநாள் பூ வைத்து நிச்சயம் செய்கிறார்கள், அந்தக் கவலை என்று ஊர் நினைத்தது. நான் எதையும் நினைக்கவில்லை. அவர் வீடு வரை போகிற பெட்ரோல் மிச்சம் என்று மட்டும் நினைத்தேன்.

“ஐயா! உங்களுக்குப் பார்சல்!”

அவருக்கு முன்னால் நின்ற முனியப்பன் திரும்பினார். ஊர் வம்பைத் தினம் அளந்து ஊற்றுகிறவர். “உள்ள இன்னா இருக்கு, போஸ்டு பொண்ணு?”

“மாம்பழம்! மாப்பிள்ளை அனுப்பியிருக்காரு!”

வரிசையே கொல்லென்று சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு செல்வி அக்கா சொல்லித்தான் தெரியும். கல்யாணமான முதல் சீசனில், பெண் வீட்டுத் தோப்புப் பழம்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கூடை கூடையாகப் போக வேண்டுமாம். திம்மராயப்பா அந்த வருஷம் அனுப்பவில்லை. கல்யாணச் செலவுக்காகத் தோப்பைப் பூ விடும்போதே வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டிருந்தார். சொந்த மரத்தில் ஒரு காய் பறிக்க அவருக்கே உரிமை இல்லை. அப்படிப்பட்டவரை ஊர் நடுவில் நிறுத்தி, “மாப்பிள்ளை மாம்பழம் அனுப்பியிருக்காரு” என்று கூவியிருக்கிறேன்.

“நீ அனுப்பலன்னு மாப்ளயே பாத்து அனுப்பிட்டாரு போலகீது!” என்றார் முனியப்பன்.

திம்மராயப்பாவின் முகம் கறுத்தது. துண்டு விலகாமல் ஒரே வார்த்தை சொன்னார். “வாணாம்.”

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் கண் முன்னால் ஒரு விதி வந்து நிற்கும்போது அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா? “வேண்டாம்னா பிரச்சனையே இல்லீங்க ஐயா. ‘பெற மறுத்தார்’னு போட்டுட்டா அனுப்பினவருக்கே திரும்பிப் போயிடும். உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது.”

“போடு.”

போட்டேன். என்ன கம்பீரம், ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. ரூபா. பெங்களூரில் தன் வீட்டுக்குள்ளிருந்து பேசுகிற பெண், ஊரே ஒட்டுக் கேட்கிற மாதிரி கிசுகிசுத்தாள்.

“மேடம், எங்கப்பா பொட்டிய வாணாம்னுட்டாருன்னு இவருக்கு மெசேஜ் வந்திருக்குது. மூஞ்சத் தொங்கப் போட்டுகினு உக்காந்துகினு இருக்காரு. அது மாம்பழம் இல்லீங்க மேடம்.”

“பின்னே?”

“எங்கப்பாவோட பல்லு செட்டு.”

நான் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ரூபா கல்யாணத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் பெங்களூரில் பல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் திம்மராயப்பா. (வேப்பங்குச்சி!) போன வாரம் மகள் வீட்டில் ராத்திரி டம்ளரில் ஊறப் போட்டவர், காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் டம்ளரை மறந்துவிட்டார். மாப்பிள்ளை நேரில் கொண்டுவந்து கொடுப்பதாக ஏற்பாடு. லீவு கிடைக்கவில்லை. தபாலில் போட வேண்டியதாயிற்று. பெட்டியைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, அந்த நல்ல மனிதர் உட்கார்ந்து யோசித்து, பழைய மாம்பழப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, வைக்கோல் அடைத்து அனுப்பியிருக்கிறார்.

“அப்பாகிட்டயே போன்ல சொல்லிடலாமே?”

“எடுக்க மாட்றாரு மேடம். பல்லு இல்லாம பேச வெக்கம். அம்மாவும் தங்கச்சியும் துணி எடுக்க கிருஷ்ணகிரி போயிருக்காங்க, ஊட்டுக்கு ஒரே போனு, அது அப்பா பாக்கெட்ல. நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க முன்னாடி அவரு எப்டி வாயத் தெறப்பாரு? தங்கச்சி அழுதுடும். எப்டியாவது குடுத்துடுங்க. ஆனா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.”

செல்வி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். “மாம்பழம்னு உனுக்கு யாரு சொன்னது?”

“பெட்டி சொல்லுச்சு அக்கா.”

மறுத்ததை மறுக்க என் மொபைலில் பட்டன் இல்லை. செல்வி அக்கா மேலே போன் போட்டுப் பேசினார். ‘வாங்கிக்கொள்கிறேன்’ என்று அவரே நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் கொடுக்கலாம், ஆனால் சாயங்காலத் தபால் பை கிளம்புவதற்குள் வர வேண்டும் என்றார்கள். “போய்க் கூட்டினு வா. வாயத் தெறக்காத” என்று என்னை அனுப்பினார் அக்கா.

சாயங்காலப் பால் ஊற்றுகிற நேரம். அதே சொசைட்டி, அதே வரிசை, அதே முனியப்பன். திம்மராயப்பா கேனுக்குப் பக்கத்தில் துண்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, அந்தப் பார்சலை நீங்க வாங்கிக்கறது நல்லதுங்க.”

தலையை ஆட்டி மறுத்தார்.

“அது நீங்க நினைக்கறது இல்லீங்க.”

மீண்டும் தலையாட்டல். வரிசையே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. சொல்லக் கூடாது, சொல்லாமலும் அவருக்குப் புரியப் போவதில்லை. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அவரைப் பார்த்து என் பல் அத்தனையும் தெரியும்படி இளித்தேன். அவர் திகைத்தார். புரியவில்லை போல என்று இன்னும் அகலமாக இளித்து, விரலால் என் பல்லைத் தட்டிக் காட்டி, பிறகு தபால் ஆபீஸ் இருக்கிற பக்கம் கையை நீட்டினேன்.

திம்மராயப்பாவுக்குக் கண் சிவந்தது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் சிவந்திருக்கும். காலையில் ஊர் சிரிக்க வைத்தவள், சாயங்காலம் வந்து மூஞ்சிக்கு நேராகப் பல்லைக் காட்டுகிறாள்.

“இன்னாடி பொண்ணு இது, பெரியவரப் பாத்து இளிச்சிகினு கீற?” என்று முனியப்பன் அதட்டினார். திம்மராயப்பா கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தூரத்தில் சாயங்கால பஸ்ஸின் ஹாரன். அந்த பஸ்ஸில்தான் பை போகும். அந்தப் பையில்தான் அவருடைய நாளைய பேச்சு போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஐயா! போகாதீங்க! அது மாம்பழம் இல்ல, உங்க பல்லு செட்டு!”

பால் அளக்கிற மெஷின் மட்டும் ‘பீப்’ என்றது.

திம்மராயப்பா நின்றார். திரும்பவில்லை. முனியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். “வேப்பங்குச்சி இப்பல்லாம் தபால்லயே வருதா?”

யாருக்கும் அடக்க முடியவில்லை. திம்மராயப்பா கேனைக் கீழே வைத்துவிட்டு, மீசையை ஒருமுறை நீவிக்கொண்டு, விறுவிறுவென்று தபால் ஆபீசை நோக்கி நடந்தார். பின்னால் நான். எனக்குப் பின்னால் பால் வரிசை மொத்தமும். ஆபீசில் எழுதிக் கொடுத்தார். பெட்டியைப் பிரித்து, வைக்கோலைக் கலைத்து, ஒரு சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது துண்டு தோளில் இருந்தது.

வந்த பல்லை அவர் முதன்முதலாகப் பயன்படுத்தியது என்னைத் திட்டுவதற்குத்தான். ஒரு வாரம் சேர்த்து வைத்த பேச்சு. தமிழில் ஆரம்பித்து, போதாமல் தன் வீட்டுப் பாஷையான தெலுங்குக்குப் போனார். தெலுங்கு எனக்கு அரைகுறை என்பதால் பாதி வசவு தப்பியது. மீதிப் பாதியே என் ஆயுசுக்குப் போதும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அத்தனைக்கும் நான் தகுதியானவள்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்னப் பெண்ணின் சம்பந்தம் என்னால் கெட்டுப்போனால்? மறுநாள் வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மாப்பிள்ளையின் அப்பா கேட்டாராம், “பல்லு வந்து சேந்துச்சாங்க சம்பந்தி?” செய்தி எங்கள் பஸ்ஸைவிட வேகமாகப் போயிருக்கிறது. திம்மராயப்பா ஒரு நிமிஷம் விறைத்து நின்றுவிட்டு, பிறகு சிரித்தே விட்டாராம். அந்தச் சிரிப்பில் சம்பந்தம் கைகூடியது என்று செல்வி அக்கா வந்து சொன்ன பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் அந்த ஊர்ப் பந்திகளில் திம்மராயப்பா உட்கார்ந்தால், “மாம்பழம் போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் இலை போடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் விடவில்லை. பார்க்காத எதைப் பற்றியாவது நான் அடித்துச் சொன்னால், “பெட்டி சொல்லுச்சா?” என்று அப்பாவே கேட்கிறார்.

ஒரு வைகாசியில் ஓசூரில் என் கல்யாணம் நடந்தது. திம்மராயப்பா வந்தார். குத்தகை முடிந்து தோப்பு அவர் கைக்குத் திரும்பியிருந்தது. மேடையேறி, நாலு பக்கமும் மாம்பழப் படம் போட்ட ஒரு பெட்டியை என் கையில் வைத்தார்.

“கையெழுத்துப் போட்டு வாங்கிக்கம்மா. வாணாம்னா எழுதிக் குடுத்துடு, உனுக்கு ஒரு செலவும் இல்ல” என்றார், பல் அத்தனையும் தெரிய.

பக்கத்தில் நின்ற மாமியார் குனிந்து, “உள்ள என்னம்மா இருக்கு?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க அத்தை” என்றேன்.

மாம்பழம்தான். வீட்டுக்குப் போய், பிரித்து, ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகுதான் அதைச் சொன்னேன்.