பச்சை பியூக்கின் முதல் சொந்தக்காரர்

நார்பர்ட் கிளைன் தன்னுடைய பியூக் காரின் பின்சீட்டில் தான் பிறந்த கதையை அன்று காலையில் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பனிப்புயல், அம்மாவின் அலறல், ஆஸ்பத்திரிக்குப் பறந்த அப்பா எல்லாம் முடிந்து, தொப்புள்கொடியை அறுக்க அப்பா பேனாக்கத்தியைக் கையில் எடுக்கிற கட்டம். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி முன்னால் வந்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது எங்க வண்டியாச்சே!" என்றாள்.

அந்தப் பழைய கார் கண்காட்சி மைதானத்தில் அடுத்தவர் மனைவியைத் தொட்டால்கூட மன்னிப்பு உண்டு. மெருகேற்றிய பானட்டைத் தொட்டால் கிடையாது. ஆனாலும் எண்பதைத் தாண்டிய கிழவி. நார்பர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருக்காதும்மா. எங்கப்பா புதுசா ஷோரூம்ல எடுத்தது. அன்னிலேருந்து எங்க வீட்லதான் இருக்கு."

ஆகஸ்டு மாதம் பழைய கார் கண்காட்சிக்கு வருகிற ஆண்கள் எல்லாருமே வயதானவர்கள். எல்லாரும் இளமையில் பேய் வேகத்தில் ஓட்டியவர்கள். எல்லாரையும் ஒரு போலீஸ்காரர் துரத்தியிருக்கிறார், எல்லாரும் தப்பித்திருக்கிறார்கள். பிடிபட்டவன் என்று ஒருத்தனை அந்த மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் புதிதாக ஒரு வெள்ளிக் கோப்பை வைத்திருந்தார்கள். வாங்கிய நாள் முதல் ஒரே குடும்பத்தில் இருக்கும் வண்டிக்கு. நார்பர்ட் தன் பியூக்கைப் போன குளிர்காலத்தில்தான் பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து அயோவாவில் ஒருவரிடம் வாங்கியிருந்தார். அவருடைய அப்பா ஹெர்மன் பாலாடைக்கட்டி ஆலைக்கு வாழ்நாள் முழுவதும் நடந்தே போய் வந்தவர். கார் ஓட்டவே தெரியாது. நார்பர்ட் பிறந்தது ஆஸ்பத்திரியில், வெயில் காலத்தில், டாக்டர் சொன்ன தேதிக்கு.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி லொரெய்ன். அவள் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா எந்த ஊர்ல எடுத்தாரு தம்பி?" என்று கேட்டாள் கிழவி. பெயர் மேபெல் என்றும் சொல்லிக்கொண்டாள்.

"மில்வாக்கிலம்மா."

"எங்க வீட்டுக்காரரும் மில்வாக்கிலதான் எடுத்தாரு!"

"மில்வாக்கில ஆயிரம் பேரு எடுத்திருப்பாங்க."

"இதே பச்சையா?"

அங்கே நார்பர்ட் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் பக்கத்து வண்டிக்காரர் டுவேன், சாசேஜ் ரொட்டியைக் கடித்தபடி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். டுவேன் முன்னால் நார்பர்ட் யோசிப்பதில்லை.

"இந்தப் பச்சை வேற யார்கிட்டயும் கெடையாதும்மா. எங்கப்பா கேட்டாருன்னு தனியா கலந்து அடிச்சுக் குடுத்தாங்க. இந்த ஸ்டேட்லயே ஒண்ணே ஒண்ணு."

மேபெல் மெதுவாகத் தலையை ஆட்டினாள். "அதையேதான் அவரும் சொல்லுவாரு. 'மேபெல், இந்தப் பச்சை ஸ்டேட்லயே ஒண்ணுதான்'னு. அப்ப இது எங்க வண்டிதான்."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"சரிம்மா," என்றார் நார்பர்ட், குரலில் தேனைத் தடவிக்கொண்டு. "அப்படியே உங்க வண்டின்னு வெச்சுக்குவோம். உங்க வீட்டுக்காரரு வித்திருப்பாரு. எங்கப்பா வாங்கியிருப்பாரு. அவ்வளவுதானே?"

"டேய் நார்ப்," என்றார் டுவேன். "புதுசா ஷோரூம்ல எடுத்ததுன்னியே?"

கோப்பை கண்முன்னால் ஆடியது. "ஆமா, புதுசாத்தான்," என்றார் நார்பர்ட் அவசரமாக. "வேற யார் கையும் படல."

"விக்கவேயில்ல தம்பி," என்றாள் மேபெல். கைக்குட்டையை எடுத்தாள். "கல்யாணமாகி ரெண்டு வருஷம். ஒரு சனிக்கெழம, ரொட்டி வாங்கிட்டு வரேன்னு இந்த வண்டிய எடுத்துட்டுப் போனாரு. இன்னும் வரல."

யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். டுவேன் கடிப்பதை நிறுத்தினார். அவருக்குக் கணக்கு புரிய ஆரம்பித்திருந்தது.

"உங்கப்பா உசரமா தம்பி?"

"ரொம்பக் குள்ளம்," என்றார் நார்பர்ட் உடனே.

"நல்லா இருக்கே கதை!" என்றார் டுவேன். "போன வருஷம் உன் பழைய டிரக்கக் காட்டி, எங்கப்பா ஆறடிக்கு மேல, இதுக்குள்ள குனிஞ்சுதான் ஏறுவாருன்னு சொன்னியேடா!"

"உக்காந்தா குள்ளமாத் தெரிவாரு."

"விசிலடிப்பாரா?" என்றாள் மேபெல்.

"எங்கப்பா சர்ச்சுல பெரிய மனுஷன்மா. அவரு போய் விசில்..."

"எங்காளும் சர்ச்சுலதான் விசிலடிப்பாரு. திட்டு வாங்குவாரு."

அவள் நார்பர்ட்டின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாள். காதைப் பார்த்தாள். "இந்தக் காது!" என்று தேம்பினாள். "அவரோட காதேதான்! ரொட்டி வாங்கப் போன மனுஷன் இங்க வந்து இன்னொரு குடித்தனம் வெச்சிருக்காரு. புள்ளையும் பெத்து, அதையும் என் வண்டி பின்சீட்லயே பெத்திருக்காரு!"

லொரெய்ன் ஊசியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். புருஷன் காதில் கிசுகிசுத்தாள். "நார்ப், அயோவாக்காரன்கிட்ட வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எல்லாம் முடிஞ்சுது."

"இத்தன பேரு முன்னாடியா?"

"உங்கப்பா பாவம். ஒரு ஞாயித்துக்கெழமகூட சர்ச்சுக்குப் போகாம இருந்ததில்ல. செத்த மனுஷன ரெண்டு பொண்டாட்டிக்காரனா ஆக்கப் போறியா?"

நார்பர்ட் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து வரிசைக் கடைசியிலிருந்து நடுவர் வந்துவிட்டார். வைக்கோல் தொப்பி, கழுத்தில் பட்டை, அக்குளில் அந்த வெள்ளிக் கோப்பை. வெயிலில் அது பளிச்சென்று அடித்தது.

"என்ன கூட்டம் இங்க?" என்றார் நடுவர்.

"பியூக் யாரோடதுன்னு பேச்சு," என்றார் டுவேன். "ஒண்ணு இது ஒரே குடும்பத்து வண்டி இல்ல. இல்லாட்டி நார்ப்போட அப்பா இந்தம்மாவ விட்டுட்டு ஓடி வந்த ஆளு. ரெண்டுல ஒண்ணு. நீயே சொல்லு நார்ப்."

நார்பர்ட் அப்பாவை நினைத்துப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவோடு பனியில் நடந்து போகிற அந்தச் சின்ன உருவத்தை. பிறகு கோப்பையைப் பார்த்தார். கோப்பை பெரிதாக இருந்தது.

"அம்மா," என்றார் உடைந்த குரலில். "இத்தன வருஷம் நெஞ்சுல அடக்கி வெச்சிருந்தேன். அப்பா சாகறப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு பேரத்தான் சொன்னாரு. 'மேபெல்'னு."

உண்மையில் ஹெர்மன் கடைசியாகக் கேட்டது இன்னொரு தலையணை.

கூட்டம் விம்மியது. டுவேன் சாசேஜ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுடு நார்ப்," என்றார். "இவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா." நடுவர் தொப்பியைக் கழற்றினார்.

"ரொட்டி பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள் மேபெல்.

"சொன்னாரும்மா. வாங்கிட்டேன், ஆனா குடுக்க முடியலன்னு அழுதாரு."

லொரெய்ன் பின்னலைப் பைக்குள் திணித்தாள். நாற்காலியை மடக்கிக்கொண்டாள். மாமனாரை இரண்டாவது தடவையாகப் புதைத்துவிட்டு வருகிற முகத்தோடு, டுவேனின் வண்டி நிழலில் போய் உட்கார்ந்தாள்.

நடுவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "வாங்கின மனுஷன்கிட்டயும் அவரு புள்ளகிட்டயும் தவிர வேற கை மாறாத வண்டி," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். "இதவிட ஒரே குடும்பத்து வண்டி எங்க இருக்கு? சொல்லப்போனா ரெண்டு குடும்பம்!" கோப்பை நார்பர்ட்டின் கைக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மேபெல் அவரைக் கட்டிப்பிடித்து, "என் வயித்துல பொறக்காத புள்ள!" என்று நெற்றியில் முத்தம் வைத்தாள். போட்டோ எடுத்தார்கள். நார்பர்ட் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்பாவுக்காகக் கொஞ்சம் அழவும் செய்தார். அந்த அழுகை மட்டும் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது கட்டம் போட்ட சட்டை போட்ட ஒரு நெட்டைக் கிழவர், காகிதத் தட்டில் பொரித்த பாலாடைக்கட்டியை ஏந்திக்கொண்டு, விசிலடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மேபெல், போதும் வா. ஆறிப்போவுது," என்றார். பிறகு நார்பர்ட்டைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். "என் சம்சாரம் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. வருஷா வருஷம் இவளுக்கு இது ஒரு வெளையாட்டு. காலையிலேருந்து உங்களோடது நாலாவது வண்டி. மத்த மூணு பேரும் விளம்பரத்தப் பாத்து வாங்கினேன்னு ஒத்துக்கிட்டாங்க. பெத்த அப்பனையே தூக்கிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."