ஹன்னா சொன்ன ஆமென்

திருப்பதியில் இருக்கும் அன்பான மேரி அக்காவுக்கு,

சித்தூரிலிருந்து தம்பி ஜாபேஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உன் மகள் ஹன்னா நல்ல சுகம். சுகமில்லாதது எனக்குத்தான். போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உனக்கு நர்ஸ் வேலை பழகும்வரை பிள்ளையை எங்களிடம் விட்டபோது என்ன சொன்னாய்? "எந்த வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லித் தராதடா, நாம பேசிக்கினு இருந்தா அதுவே புடிச்சிக்கும்" என்றாய். பிடித்துக்கொண்டுவிட்டது. சாப்பாட்டு ஜெபம் 'ஆமென்' என்றதும் நிற்கிறது, சோறு வருகிறது; ஆகவே ஆமென் என்றால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம் என மூன்று வயதில் முடிவு கட்டிவிட்டாள். தலை வாரினால் ஆமென். குளிக்க ஊற்றினால் ஆமென். பக்கத்து வீட்டுச் சந்திரம்மா பேச உட்கார்ந்தால் ஆமென். அந்தம்மா அதை ஆசீர்வாதம் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதநாயகம் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார், இவள் பெஞ்சின்மேல் ஏறி நின்று 'ஆமென்' என்றாள், பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு 'ஆமென்' என்று எழுந்துவிட்டார்கள், கீபோர்டு வாசிக்கிற சாம் கடைசிப் பாட்டைத் தொடங்கிவிட்டான், சபையே பாடி முடித்து செருப்பு மாட்டப் போய்விட்டது, பாஸ்டர் மட்டும் வேதாகமத்தில் விரலை வைத்தபடி நிற்கிறார்.

சபைச் செயலாளர் என்ற முறையில் மன்னிப்புக் கேட்க அவரைச் சாப்பிட அழைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமென்னா இன்னாம்மா?" என்று கேட்டார்.

"போதும்னு அர்த்தம், தாத்தா."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"மாமாதான். நீ சர்ச்சுல பேசசொல்ல மெதுவா ஆமென், ஆமென்னு சொல்லிக்கினே இருக்கும்."

அக்கா, பக்தியில் சொன்னேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உன் தம்பி பெண்டாட்டி சுஜிதா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். பாஸ்டர் கோழிக்கறியைத் தொடாமல் மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் சபைத் தேர்தல். இனி என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? ஆகவே சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்து உன் மகளை அழைத்துக்கொண்டு போ.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். ஆண்டவர் உன் நைட் டியூட்டியில் துணை இருப்பாராக.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன தம்பி,
ஜாபேஸ்

பி.கு.: பாஸ்டர் இப்போதுதான் போன் செய்தார். வரும் ஞாயிறு வேலூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருகிறாராம். பேச ஆரம்பித்தால் வீட்டில் மத்தியானச் சோறு ஆறிப்போகும் என்று பெயர் எடுத்தவராம். "பாப்பாவ முன்வரிசைல உக்கார வைப்பா" என்றார். சனிக்கிழமை வராதே.