இப்போதைக்கு ஒரு ஏசி

நேற்றைய நினைப்பிலேயே வாழ்கிறவர்கள் உண்டு, நாளைய கவலையிலேயே வாழ்கிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்திலும் சேராமல் 'இப்போதைக்கு' வாழ்கிற இனம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடி நீங்கள் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். எந்தத் தெருவில் நுழைந்தாலும், தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கிக் கட்டிய கதவு ஒன்று கண்ணில் படும்; அழைப்பு மணி இருக்கும், அழுத்தினால் சத்தம் வராது, அதன் மேல் 'கையால் தட்டவும்' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும்; அந்தக் காகிதமும் பழுத்து, ஓரம் கிழிந்து, கிழிந்த ஓரத்தை இன்னொரு காகிதத்தால் ஒட்டியிருப்பார்கள். தட்டுங்கள். திறப்பவர்தான் நம்மவர்.

அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அது அபாண்டம். சோம்பேறி எதையும் செய்ய மாட்டான். இவர் எதையும் விட்டுவைக்க மாட்டார். குழாய் ஒழுகினால் ஓடிப்போய்த் துணி சுற்றுவார், மேசை ஆடினால் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகுவார், ஜன்னல் கண்ணாடி உடைந்த சத்தம் அடங்குவதற்குள் அந்த இடத்தில் பழைய காலண்டர் அட்டை ஒன்று ஏறியிருக்கும். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துத் தன் வேலையைத் தானே ரசித்துவிட்டுச் சொல்வார்: "இப்போதைக்கு இது போதும்." தீர்ந்தது. அந்தப் பொருளுக்கு இனி விமோசனம் கிடையாது.

நிரந்தரம் என்று சொல்லிக் கட்டிய எத்தனையோ கட்டடங்கள் இடிந்து விழுந்திருக்கின்றன. நம்மவர் இப்போதைக்கு என்று சொல்லிக் கட்டியது எதுவும் இன்றுவரை அசைந்ததில்லை. அந்த வீடே இப்போதைக்கு வாங்கியதுதான். பெரிதாக ஒன்று அமையும்வரை என்றுதான் குடிபுகுந்தார். மகள் அங்கேயே பிறந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள், பெரிது இன்னும் அமையவில்லை. வேலையும் அதே கதைதான். நல்லதாக ஒன்று கிடைக்கும்வரை என்று சேர்ந்த அலுவலகத்தில் தலை நரைத்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'இப்போதைக்கு'தான். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவரும் கண்டுகொள்வதில்லை, ஓய்வு பெறும்வரைதானே என்று.

எல்லாம் சரி. குழாயும் மேசையும் நல்ல பிறவிகள், பொறுத்துக்கொள்ளும். கரண்ட் பொறுக்குமா?

ஒருமுறை அவர் வீட்டில் ஃபியூஸ் போனது. மாற்றினார். மறுபடி போனது. நம்மவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மயிரிழை மாதிரி இருந்த ஃபியூஸ் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, துணி காயப்போடக் கட்டிய கம்பியில் மிச்சமிருந்த துண்டை நறுக்கி வைத்தார். அதன்பின் ஃபியூஸ் போகவே இல்லை. எப்படிப் போகும்? ஆபத்து வந்தால் முதல் ஆளாக உயிரை விட வேண்டும் என்றே பிறந்த சாதனத்துக்குச் சாகாவரம் கொடுத்துவிட்டாரே!

துணி துவைக்கும் மெஷின் கதை இன்னும் விசேஷம். அதன் பிளக்கில் மூன்று முள். சுவரில் இருந்த பழைய பாயிண்டில் இரண்டு ஓட்டை. மூன்றாவது முள் எதற்கு என்று நம்மவர் யோசித்தார். பதில் கிடைக்காததால் ஒடித்துவிட்டார். எங்காவது கரண்ட் கசிந்தால் அது பேசாமல் மண்ணுக்குள் இறங்கிப் போகட்டும் என்று வைத்த எர்த்து முள் அது. அந்த வழியை அடைத்ததும், கசிந்த கரண்ட் தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்க ஆரம்பித்தது. முதலில் கடி வாங்கியது மனைவி. அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நம்மவர் அசரவில்லை. உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து மெஷின் முன்னால் போட்டார்.

"இப்போதைக்கு இதப் போட்டுக்கிட்டுத் தொடு."

அந்தச் செருப்பு தேய்ந்து, வார் அறுந்து, ஊக்கு குத்தி, அதற்கும் மேல் தாங்காமல் போய்விட்டது. உடனே பழுது பார்த்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? புதுச் செருப்பு வாங்கினார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் ஏசி வந்து இறங்கியது.

காரணம், பேத்தி. மகள் கைக்குழந்தையோடு மறுநாள் காலையில் வருகிறாள். அவர்கள் தங்கப்போகும் அறையோ மேற்கு வெயிலை மொத்தக் குத்தகைக்கு எடுத்த அறை. பேத்தியை இதுவரை செல்போன் திரையில் மட்டுமே பார்த்திருந்த நம்மவர், அந்தச் சின்ன நெற்றியில் வேர்க்குருவைக் கண்ட அன்றே கடைக்கு ஓடினார். அன்பு என்று வந்துவிட்டால் அவர் அரைகுறை ஆசாமி இல்லை. இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கினார். வாங்கியதை மாட்டுவதில்தான் அவருடைய சுபாவம் குறுக்கே வந்தது.

மனைவிக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து பயம். மெஷின் கடித்தால் கையை எடுத்துவிடலாம். இந்த வீட்டுப் பழைய வயரில் ஏசி ராப்பகலாக ஓடும், அதற்குக் கீழே குழந்தை தூங்குமே!

ஏசிக்காரர் வந்தார். வயரிங்கும் தெரிந்தவர். வந்ததும் சுவரையும் சுவரிலிருந்த பாயிண்டையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டுக் கேட்டார்: "சார், ஏசிக்குத் தனி லைன் வேணும். மெயின் போர்டுலேர்ந்து நேரா கனமான வயரு, லோடு மீறினா தானா அணையுற எம்சிபி சுவிட்ச் ஒண்ணு, நல்ல எர்த்து. இருக்கா?"

"எல்லாம் இருக்கு," என்றார் நம்மவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "மொதல்ல மாட்டுங்க."

முதல் சண்டை வெளிப்பெட்டியில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே சுவரில் போல்ட்டு அடித்து ஸ்டாண்டு போட வேண்டும் என்றார் ஏசிக்காரர். நம்மவர் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலோடு வந்தார்.

"சுவத்த ஏன் ஓட்ட போடணும்? சன்ஷேடு மேல இப்போதைக்கு இத வச்சு, அதுமேல வச்சிடுங்க."

"ஓடும்போது அதிரும் சார். நகந்து நகந்து கீழ போறவங்க தலையில விழும்."

"கயிறு போட்டுக் கட்டிடலாம்."

ஏசிக்காரர் துளை போடும் மெஷினை ஓட விட்டார். நம்மவர் மேலும் பல யோசனைகள் சொன்னார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அடுத்தது தண்ணீர். உள்ளே சேரும் தண்ணீர் வெளியே போக, குழாயைச் சரிவாக இறக்க வேண்டும். நம்மவர் வாளி என்றார். "அந்த வாளிய ராத்திரி எழுந்து யாரு கொட்டுறது?" என்று கேட்டாள் மனைவி. யார் என்பது நம்மவருக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. வாளியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஆனால் கரண்ட் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. தனி லைன் என்றால் சுவரில் காடி வெட்ட வேண்டும், சாந்து பூச வேண்டும், மெயின் போர்டைத் திறக்க வேண்டும், திறந்தால் அந்தத் துணிக்கொடிக் கம்பி வெளிச்சத்துக்கு வந்துவிடும். நம்மவர் டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உருவினார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பாக்ஸும் வந்தது.

"இந்த பாயிண்டுல சொருகி இப்போதைக்கு ஓட்டுங்க. பொண்ணு வர்ற நேரம், சுவத்த ஒடச்சிக்கிட்டு இருக்க முடியுமா?"

ஏசிக்காரர் அந்தப் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வயரின் தோல் பழுப்பேறி, தொட்ட இடம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"கருகியிருக்கு சார்."

"அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு," என்று நம்மவர் தைரியம் சொன்னார்.

"ஏசி இழுக்குற இழுப்புக்கு இந்த வயரு சுவத்துக்குள்ளயே உருகும். வெளிய ஒண்ணும் தெரியாது. தெரியும்போது ரூம்ல பொகையா இருக்கும்."

மனிதர் கறாராகத்தான் நின்றார். எவ்வளவு நேரம்? சட்டைப் பையில் செல்போன் அடிக்கும்வரை. அடுத்து ஏசி மாட்டப் போக வேண்டிய வீட்டுக்காரர் மறுமுனையில் கத்துவது அறைக்கே கேட்டது. "தோ, கெளம்பிட்டேன்" என்று போனை வைத்த ஏசிக்காரர், மோவாயைத் தடவினார், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"சரி, நீங்க இவ்ளோ சொல்றீங்க. இப்போதைக்கு வேணா மாட்டி விடுறேன். ஆனா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

பார்த்தீர்களா, தொற்றுநோய் பரவுகிற வேகத்தை?

மனைவி கதவருகில் நின்றிருந்தாள். கட்டிலின் மேல், குழந்தைக்காக அவள் துவைத்து மடித்து வைத்த மெத்துமெத்தென்ற துணிகள். கத்தியிருக்கலாம். இத்தனை வருஷம் கத்திப் பார்த்தவள்தானே? கத்தியதற்குக் கிடைத்தது இரண்டு ஜோடி செருப்பு. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று அந்த நிமிடத்தில் அவளுக்கு எப்படித் தோன்றியதோ, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"ஏங்க, நீங்க சொல்றதுதான் சரி."

நம்மவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்காத வாக்கியம் அது. "என்ன சொன்ன?"

"எதுக்கு இப்பவே நிரந்தரமா பண்ணணும்? அத அப்புறம் நிதானமா யோசிக்கலாம். கொழந்தை இருக்குற வரைக்கும் இப்போதைக்கு ஒரு தனி லைன இழுத்துப் போட்டுடலாம். எர்த்தும் இப்போதைக்குத்தான். அவங்க ஊருக்குப் போனதும் நீங்களே ஒருநாள் உக்காந்து, எல்லாத்தையும் உருவிட்டு, உங்க இஷ்டப்படி மாத்திக்குங்க."

நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏசி இன்னும் ஓடவில்லை, கவனிக்க. இத்தனை காலம் தனியாளாக நின்று போராடிய ஒரு கொள்கை கடைசியில் சொந்த வீட்டிலேயே ஜெயித்தால் எந்த மனிதனுக்குத்தான் பெருமையாக இருக்காது?

"அதத்தானே நானும் காலையிலேர்ந்து சொல்றேன்!" என்று ஏசிக்காரர் பக்கம் திரும்பினார். "இப்போதைக்குத் தனி லைன் போடுங்க. எர்த்த விட்டுடாதீங்க."

ஏசிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா கண்ணால் என்ன சொன்னாளோ, செல்போனை எடுத்து, "அண்ணே, நாளைக்குக் காலையில வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, உளியைக் கையில் எடுத்தார்.

அடுப்பு சூடாக இருக்கும்போதே அடுத்த வேலையையும் முடித்துக்கொள்கிறவள் அவள். "அப்படியே ஃபியூஸ் பெட்டியில இருக்குற அந்தத் தடிக் கம்பிய எடுத்துட்டு, அங்கயும் இப்போதைக்கு எம்சிபி போட்டுடலாமா?"

"போடலாமே."

"மெஷினுக்கும் இப்போதைக்கு மூணு ஓட்ட பாயிண்டு, எர்த்தோட?"

"அட, ஆள் இருக்கும்போதே எல்லாத்தையும் இப்போதைக்கு முடிச்சிடுவோம்!" என்று நம்மவர் உற்சாகமாகச் சட்டைக் கையை மடித்தார்.

மெயினை மட்டும் அணைக்க வேண்டாம், ஒரு நிமிஷ வேலைதானே, ஃபேன் ஓடட்டும் என்று அவர் பழைய ராகத்தில் ஆரம்பித்தார். மனைவி வாதாடவில்லை. தானே போய் மெயினை அணைத்தாள். யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை முடியும்வரை முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். வியர்வையில் புடவை நனைந்தது. எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஏசிக்காரர் மெயினைப் போட்டுச் சோதித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்பெட்டி மெல்ல வாயைத் திறந்தது. அறை குளிர்ந்தது. அவளுக்கு அதற்கு முன்பே குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலை மகள் வந்தாள். குழந்தை அந்தக் குளிரில் இரண்டு கையையும் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கிய தூக்கத்தை நம்மவர் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பல நாளாக மனசில் அரித்த கேள்வியை மகளிடம் கேட்டார்.

"எவ்ளோ நாளும்மா இருப்ப?"

"தெரியலப்பா. அவருக்கு வேற ஊர் மாத்தல் வருதாம், வீடு பாக்கணும். இப்போதைக்கு இங்க இருக்கேன்."

அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன ஆயுள் என்று நம்மவரைவிடத் தெரிந்தவர் யார்? அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைத் தேடிச் சமையலறைக்கு ஓடினார்.

தனி லைன்? அப்படியேதான் இருக்கிறது. "உருவணும், நேரம் வரட்டும்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவியும் "ஆமாங்க, அவசரமில்ல" என்கிறாள்.

நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். உங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டேப் சுற்றிய வயர் ஒன்று தொங்குகிறதே, அதைச் சுற்றியது நம்மவரா? தொட்டால் சூடாக இருக்கும் அந்தப் பிளக்கை, சூடாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதே இடத்தில் செருகுகிற கை யாருடையது? எழுந்து போய் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று நடுவில் எங்கேயோ உங்களுக்கே தோன்றியிருக்கும். இதைப் படித்து முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் கூடவே தோன்றியிருக்கும்.

முடிந்துவிட்டது. இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்களே?