கோட்டைக் காவல்காரனின் செருமல்

தேங்காய்பட்டணம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

பெருமதிப்பிற்குரிய, இறைவன் நாடினால் சம்பந்தியாகவும் ஆகவிருக்கிற ஜனாப் முஹம்மது ஷரீஃப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் தாங்களும் தங்கள் கடையும் தங்கள் தொண்டையும் சுகமாக இருக்கப் படைத்தவனிடம் கேட்டுக்கொள்கிறேன். தொண்டை என்று எழுதியதில் எந்த உள்நோக்கமும் இல்லை. இங்கே நானும் ஷாஜிதா பேகமும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தாங்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து அவள் எனக்குப் போடும் சாயாவில் சீனி இல்லை. கேட்டால், "ஒங்க மவன் பண்ணின வேலைக்கு இது போரும்" என்கிறாள். ஷஹீர் பரிசு வாங்கினால் அவளுக்கு மகன், வம்பு இழுத்தால் எனக்கு மகன். கல்யாணமான நாள் முதல் இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

தாங்கள் என் நம்பரை போனில் பிளாக் செய்திருப்பதால், பழைய வழக்கப்படி கைக்கடிதம் எழுதுகிறேன். தக்கலை முருகதாஸ் லீவு முடிந்து தம்மாம் திரும்புகிறான். அவன் பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் இந்தக் கடிதம் வரும். வாசனையைப் பொறுத்துக்கொள்ளவும். இந்தத் 'தாங்கள்' எனக்குக் கைவரவில்லை. ஒரே அறையில் ஒரே கொடியில் கைலி காயப்போட்டவர்களுக்குள் என்ன தாங்கள்? இனி நீ என்றே எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

"அந்தக் கோமாளிக்கு எனக்க பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று நீ உன் வீட்டுக்காரி சஜ்னாவிடம் போனில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உன் மகள் முப்ஷிராவை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்துவிட்டோம். மாடி அறைக்கு அவளுக்குப் பிடித்த நிறம் என்னவென்று கேட்டு வெள்ளையடித்தும் ஆயிற்று. இந்தச் சம்பந்தத்தை உடைத்துவிடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நீ கேள்.

முதலில் அந்த விளையாட்டு. நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், அவனும் இவனும் சொன்னதைக் கேட்டுத்தான் கோபப்பட்டிருப்பாய். கம்ப்யூட்டரில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு பெட்டி. கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தன் எந்தக் காவல்காரன் கண்ணிலும் படாமல் போய் அதை எடுத்துவர வேண்டும். சண்டை போட்டால் தோற்றுப்போவான், பதுங்கித்தான் போக வேண்டும். புல்லுக்குள் படுப்பதும், சுவரோடு ஒட்டி நகர்வதும், ஆள் திரும்பினால் மூச்சை அடக்குவதும்தான் வேலை. கல்யாண வீடுகளில் மேடையேறி ஊரைச் சிரிக்கவைத்த ஷஹீர், இப்போது மாடியில் உட்கார்ந்து இதை விளையாடுகிறான். விளையாடிக்கொண்டே பேசுகிறான். அது யூடியூபில் அப்படியே நேரலையாகப் போகிறது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மக்ரிப் வரைக்கும் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்றால், அவன் ஜெயிப்பதே இல்லை.

ஜெயிக்காததற்குக் காரணம் நாம் வளர்த்த வளர்ப்பு. தெரிந்த மனிதனைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டிப் போகக்கூடாது என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தோம் அல்லவா? முதல் நாளே ஒரு காவல்காரனின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி வந்தவன், பாதி வழியில் நின்றுவிட்டான். "ஒரு மனுசன் வெயிலுல ஒத்தைக்கு நிக்காரு, ஒண்ணும் கேக்காமப் போனா என்ன நெனப்பாரு?" என்றான். அந்த விளையாட்டில் காவல்காரனைத் திசைதிருப்ப விசிலடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கி அந்த ஆளைக் கூப்பிட்டு, சொந்த அண்ணனிடம் கேட்பது போல, "காக்கா, சொகமா இருக்கியளா? சாயா குடிச்சியளா?" என்று கேட்டான். அவன் திரும்பித் துப்பாக்கியால் ஒரே சூடு. ஷஹீர் விழுந்தபடியே, "செரி காக்கா, நீங்க குடிச்சிட்டு வாருங்கோ, நான் இங்கனக்குள்ள கெடக்கேன்" என்றான். அன்றைக்கு கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கே புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு ரசிகர்கள் செய்ததுதான் பெரிய கூத்து. அவன் ஒவ்வொரு காவல்காரனை நெருங்கும்போதும் திரையின் ஓரத்தில் மளமளவென்று எழுத்து ஓடும். "இன்னைக்கு என்ன மீனு கிட்டிச்சுன்னு கேளு மக்கா", "அவருக்க மவளுக்கு வேலை ஆச்சான்னு கேளு", "கோபுரத்துல நிக்கிய தாத்தாக்கு முட்டுவலி கொறஞ்சுதா?" என்று மஸ்கட்டிலிருந்தும் தோஹாவிலிருந்தும் எழுதுகிறார்கள். ஷஹீர் சொல்லும் ஆருலே என்றால் என்ன அர்த்தம் என்று சென்னையிலிருந்து ஒரு பையன் கேட்டால், நம்மூர்க்காரர்கள் 'யாருடா' என்று நேரே சொல்லாமல் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லி அவனைப் பைத்தியமாக்குகிறார்கள். நானும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு அதையெல்லாம் வாசிப்பேன். நெய்யூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, ஜாஸ்பின் என்று பெயர், ஏதோ குளிர்நாட்டில் நர்ஸாக இருக்கிறாள். "இங்க லிஃப்டுல ஆளைப் பாத்தா எல்லாரும் தரையப் பாக்காவ அண்ணா. சாப்டியான்னு ஒருத்தர் கேட்டு வருசமாச்சு. நீ அந்தக் காவல்காரன்ட்ட கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, பொறவு அழுகை வந்துச்சு" என்று எழுதியிருந்தாள். அதை வாசித்த அன்று நான் மாடிக்குப் போய், மகனே, நீ படிக்காத பரீட்சை எல்லாம் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி உன் விஷயம். அந்த விளையாட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் காவல்காரன் விளக்கோடு வந்து பார்ப்பான், ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போவான். வாசல் காவல்காரன் பேசுவது போல ஷஹீரே தன் வாயால் குரல் கொடுத்தான். அவன் நான்கு எட்டு நடப்பான், நிற்பான், கைலி கட்டாதவனாக இருந்தாலும் கைலியை ஏற்றிக் கட்டுவது போல ஒரு மூச்சு விடுவான். பிறகு ஒரு சின்னச் செருமல், அதன்பின் ஒரு நீண்ட செருமல். "ஆருலே அது?" கொஞ்சம் அமைதி. "ஆ... பூனையாட்டு இருக்கும்." மூக்குக்கு முன்னால் ஷஹீர் நின்றாலும் அந்த ஆளுக்குப் பூனைதான். ரசிகர்கள் அவருக்குச் செருமல் மாமா என்று பெயர் வைத்தார்கள். மீன் சந்தையில் பிள்ளைகள் என்னைக் கண்டால் கூடைக்குப் பின்னால் பதுங்கி, நான் தாண்டும்போது எட்டிப் பார்த்து, "பூனையாட்டு இருக்கும் மாமா" என்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். சத்தியமாக அது உன் செருமல் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஐந்து வருடமாக உன் செருமலை போனில்தானே கேட்கிறேன், போனில் எல்லாருடைய செருமலும் ஒன்றுதான்.

உங்கள் குளச்சலில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் உறைத்தது. நிக்காஹ் ஓதப்போகிறார்கள், பந்தல் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. லீவில் வந்திருந்த நீ முன்வரிசையில் உட்கார்ந்து, முதலில் சின்னதாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று செருமினாய். பின்னால் இருந்த பையன்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஆருலே அது? பூனையாட்டு இருக்கும்!" மாப்பிள்ளை சிரித்தான், மாப்பிள்ளையின் வாப்பா சிரித்தார், ஓதவந்தவர் தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் என் தோள் குலுங்கியதை நீ பார்த்துவிட்டாய். பிரியாணி வைக்கும் முன்பே எழுந்து போனாய். நம்மூரில் கல்யாணச் சோறு உண்ணாமல் ஒருத்தன் எழுந்தால் அது எவ்வளவு பெரிய கோபம் என்று எனக்குத் தெரியாதா?

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீ பயணம் சொல்லாமல் போனாயே, அதுதான் ஆறவில்லை. விமானம் ஏறுகிறவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது நம் வழக்கம். சண்டைக்காரன் வீட்டு வாசலிலும் நின்று, "வாறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போன ஊர் இது. நீ வாசலுக்குக் கார் கூப்பிடாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தக்கலையில் போய் பஸ் ஏறினாய். ஷஹீர் அத்தனை நாள் விளையாடியும் செய்ய முடியாததை ஒரே நாளில் செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பாய். உன் பஸ் அழகியமண்டபம் தாண்டுவதற்குள் எனக்கு எத்தனை போன் தெரியுமா? "ஷரீஃப் காக்கா பெட்டியோட போறாரே, ஒங்கட்ட சொல்லல்லியா?" என்று கேட்டுக் கேட்டே என்னைக் கொன்றார்கள்.

ஷரீஃப், உன் செருமலைக் கேலி செய்கிறவனா நான்? தம்மாம் அறை உனக்கு ஞாபகம் இல்லையா? ஊரிலிருந்து கேசட் வரும் காலம். உம்மாக்கள் பேசி அனுப்பிய கேசட் என்றால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேட்போம். உன் உம்மா எங்கள் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "ஹனீபா, ஒனக்கு வயித்துவலி கொறஞ்சுதா?" என்று கேட்பார்கள். வராத பதிலுக்குக் கொஞ்சம் நேரமும் விடுவார்கள். நாங்களும் அந்த இடைவெளியில் கேசட்டைப் பார்த்துப் பதில் சொல்வோம். பெண்டாட்டி பேசி அனுப்பியது என்றால் மற்றவர்கள் வெளியே போய்விடுவோம். அறைக்குத் திரும்பும்போது எங்களில் நீ ஒருத்தன்தான் வாசலில் நின்று செருமுவாய். முதலில் சின்னதாக, டேப் பெட்டியை நிறுத்துவதற்கு. பிறகு நீளமாக, உள்ளே இருப்பவன் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்கு. ஷஹீர் பிறந்த சேதி வந்த கேசட்டை நான் கேட்டுக்கொண்டிருந்தபோதும் நீ அப்படித்தான் வாசலில் நின்றாய். அங்கே இருந்தபோது ஊர் ஊர் என்று ஏங்கினோம். இங்கே வந்தபிறகு அந்த அறைக்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சரி, பரிகாரத்துக்கு வருகிறேன். செருமல் வரும் வீடியோக்களை எல்லாம் யூடியூபிலிருந்து நீக்கும்படி ஷஹீரிடம் சொல்லிவிட்டேன். இனி எந்தக் காவல்காரனிடமும் பேசக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். நேற்று அவன் வாயைத் திறக்காமல் விளையாடினான். யாரிடமும் சுகம் கேட்கவில்லை, யார் கண்ணிலும் படவில்லை, நேராகப் போய்ப் பெட்டியை எடுத்துவந்துவிட்டான். முதல் தடவையாக ஜெயித்தான். ஓரத்தில் ஓடும் எழுத்து அப்படியே நின்றுபோயிற்று. கடைசியில் ஒருத்தன், "ஜெயிச்சிட்டான், சங்கடமாட்டு இருக்கு" என்று எழுதினான். அதற்குக் கீழே எல்லாரும் அதையே எழுதினார்கள். ஷாஜிதா என் கையில் சாயாவைக்கூடத் தராமல் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். போகட்டும். உனக்கு விருப்பம் என்றால் அவன் இந்த வேலையையே விட்டுவிட்டு உன் கடையில் வந்து நிற்பான். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை மட்டும் முருகதாஸிடம் சொல்லி அனுப்பு.

உன் கடைக்கு நல்ல வியாபாரமும், உன் உடம்புக்கு ஆரோக்கியமும், உன் மனதுக்குக் கொஞ்சம் இளக்கமும் அல்லாஹ் தருவானாக. உன் வீட்டாருக்கு எங்கள் எல்லாருடைய சலாம்.

என்றும் உன் அறைத்தோழன்,
முகம்மது ஹனீபா

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் ரத்து. முருகதாஸின் பயணம் தள்ளிப்போனதால் கடிதம் என் கையிலேயே கிடந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. இன்று காலை சஜ்னாவும் முப்ஷிராவும் குளச்சலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். பிள்ளை உட்காரக்கூட இல்லை. "அந்த வீடியோவ எதுக்கு மாமா தூக்கினிய? அந்தச் செருமலைக் கேட்டு வாங்கினது நானாக்கும்" என்றாள். ஷாஜிதாவின் போனில் பேசி, முதலில் சின்னது, பிறகு நீளம் என்று ஷஹீருக்குச் சொல்லிக் கொடுத்ததே உன் மகள்தானாம். அவளுக்குச் சரியாக வராதபோது சஜ்னா செருமிக் காட்டினாளாம். ஆக, குற்றம் முழுக்க உன் வீட்டில். நான் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இனி நீதான் என்னிடம் கேட்க வேண்டும்.

எதற்காக என்று கேட்டேன். "வாப்பா இல்லாத வீடு ஒரு மாதிரியாக்கும் மாமா. சாயங்காலம் உம்மா அடுக்களையில தனியாட்டு நிப்பா. நான் போனை முற்றத்துப் படியில வச்சிட்டு அந்த வீடியோவப் போடுவேன். செருமல் கேட்டதும் உம்மா தலைத்துணிய இழுத்து விட்டுட்டு சாயாக்கு வெள்ளம் வைப்பா. வீடியோன்னு தெரிஞ்சும் வைப்பா" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த சஜ்னா, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். ஷஹீர் உன் கடைக்கு வரமாட்டான். கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு நீ வந்துவிடு, ஷரீஃப். பிள்ளையின் கல்யாணத் தேதியை உன் வாயாலேயே சொல். அதற்கு முன்னால், போனில் கேட்கிற செருமல் போதாது, உன் வீட்டு முற்றத்தில் நின்று நீயே ஒருமுறை செருமு.