மரணச் சங்கத்தின் எட்டுத் தகரம்

கலை படிக்கப் போன பிள்ளை விடுமுறைக்கு வந்தால், வீட்டில் இருக்கும் பழைய சாமான்களை எல்லாம் ஒளித்து வைத்துவிட வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. அதனால்தான் ஒரு சாவு வீட்டின் கூரையில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டை போடும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கை தவறிப் போட்டதல்ல. அளந்து, கோடு கிழித்து, ஆணி வைத்து, ஒவ்வொன்றாக அடித்தேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை இறுதியாண்டு மாணவி. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து கெம்பஸ் போன முதல் பெண்பிள்ளை (இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கேட்காதவர்களிடமும்). கறுப்புச் சட்டை மட்டும்தான் போடுவேன். யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடக் கொஞ்சம் தூரத்தில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணின் முதுகில் இரண்டு வைக்கலாம் போல இருக்கிறது.

இறுதிப் பரீட்சைக்கு எங்களுக்குக் கொடுத்த வேலை இது. வெளிச்சத்தையும் கண்டெடுத்த பொருட்களையும் வைத்து ஒரு சிற்பம் செய்ய வேண்டும். எதையும் கடையில் வாங்கக் கூடாது, யாரோ வேண்டாமென்று வீசியதாக இருக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டும். விரிவுரையாளர் நேரில் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். அதில் தவறினால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப் போகும்.

ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாரும் எதையும் வேண்டாமென்று வீசுவதில்லை. உடைந்த பேசின் கூரை ஒழுகும் இடத்துக்குப் போகும். கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சீலை கிழிந்தால் கோழிக்கூட்டுக்குக் கதவாகும். இரண்டு நாள் லயம் லயமாகச் சுற்றினேன். கை வைத்த ஒவ்வொரு சாமானுக்கும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "பாப்பா, அது எங்களோடது, வச்சிருங்க."

மூன்றாம் நாள் பழைய பிள்ளை மடுவத்தின் பின்பக்கம் போனேன். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது. புதிது ஒன்று கட்டியபிறகு சும்மா கிடந்தது. அதைத்தான் அப்பா மூலம் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு என் வேலைக்கு எடுத்திருந்தேன். பின்சுவரில் எட்டுக் கூரைத்தகரம் சாய்ந்து நின்றது. துரு, பாசி. பெயர் ஒன்றும் இல்லை. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். எந்தக் குரலும் வரவில்லை. எட்டையும் உள்ளே இழுத்துப் போட்டேன்.

குரல் வராததற்குக் காரணம் இருந்தது. அவை எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் தகரங்கள். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு கட்டிலைப் போட்டால் பிறகு நிற்கத்தான் இடம் இருக்கும். யாராவது இறந்தால் வாசலில் கம்பு நட்டு, மேலே இந்தத் தகரத்தைப் போட்டு, அதன் கீழேதான் உடலைக் கிடத்துவார்கள். அந்தத் தகரத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, அதில் பெயர் எழுதுவதில்லை, சாவில்லாத நாளில் தொடுவதும் இல்லை. வாயால் சொன்னாலே யாரையோ கூப்பிட்டது போலாகும் என்று அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். இது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் ஐந்து வயதில் தெரிந்திருந்தது. கெம்பஸில் மூன்று வருடம் அழகியல் படித்து மறந்துவிட்டேன்.

அந்தச் சங்கத்தின் செயலாளர் என் அப்பா. பதினான்கு வருடமாக அவர்தான்.

"தகரம் ஏது?" என்று, நான் அடிக்கும் சத்தம் கேட்டு அப்பா ஒருநாள் விசாரித்தார்.

"குப்பையில கெடந்துச்சுப்பா."

அவர் அதை நம்பி, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேலை முடிந்து வரும்போது எனக்கு ஆணி வாங்கி வந்தார். மடுவத்துக்குள் எட்டிப் பார்க்க வந்தவரை நான் விடவில்லை. கலைஞருக்குத் தனிமை வேண்டும் என்றேன். அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

படைப்புக்கு 'வியர்வையின் நட்சத்திரங்கள்' என்று பெயர் வைத்தேன். விளக்கக் குறிப்பில், 'ஒழுகும் கூரையே உழைப்பவரின் வானம்' என்று எழுதி, நானே வாசித்து, நானே கண்கலங்கினேன். ஆனால் வெளிச்சம்தான் வரவில்லை. தகரத்தை உத்தரத்தில் தொங்கவிட்டு, பின்னால் டிராக்டரின் பழைய முகப்பு விளக்கைப் போட்டால், எதிர்ச்சுவரில் அம்மை வார்த்தது போலப் புள்ளி புள்ளியாக விழுந்தது. விளக்கை ஏற்றினேன், இறக்கினேன், இன்னும் இருநூறு ஓட்டை போட்டேன். அம்மைதான் கூடியது. விரிவுரையாளர் சனிக்கிழமை வருவதாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அழகம்மா இறந்துபோனார். எங்கள் லயத்திலேயே நான்காவது காம்பரா. நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு, கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவர். மகள் பாக்கியமக்காதான் பார்த்துக்கொண்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவர் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். தப்புச் சத்தம் கேட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

சிறிது நேரத்தில் மடுவத்தின் பின்பக்கம் பேச்சுக்குரல்கள்.

"செக்கட்டரி, தகரத்தக் காணோமே!"

"நல்லாப் பாருங்கப்பா, எங்க போகும்?"

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். பின்னால் நாலு பேர். எட்டுத் தகரமும் உத்தரத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு ஓட்டையில் விரலை விட்டு எடுத்தார். பக்கத்து ஓட்டையிலும் விட்டு எடுத்தார்.

"கூரை ஓட்டைய அடைச்சுத் தாங்கன்னு வருசம் பூரா நாங்க தொரைக்கு மனு குடுக்குறோம். நீ ஆணி வச்சு ஓட்டை போட்டிருக்க."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நீங்கதானப்பா ஆணி வாங்கியாந்தீங்க" என்றேன்.

நாலு பேரில் ஒருவர் சிரித்துவிட்டு, சாவு நினைவுக்கு வந்து இருமினார். அப்பா கயிறுகளை அவிழ்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு சாவு, அவர்களுடைய தகரம் அங்கே தேவைப்பட்டது. வேறு வழியில்லாமல் என் நட்சத்திரங்களையே கம்பின்மேல் ஏற்றினார்கள்.

அழகம்மாவைக் குளிப்பாட்டி, சிவப்புச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு வைத்துக் கிடத்தினார்கள். திருநீறு அரை நிமிடம்தான் நின்றது. பெண்கள் ஓடிப்போய்த் தங்கள் படங்குகளைக் கொண்டுவந்து மேலே போட்டுக் கட்டினார்கள். எங்கள் மலைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழ்மலைக்கு அனுப்பியது. ஒப்பாரி வைத்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் குற்றம் செய்தவளுக்கு ஏதாவது செய்யத்தானே தோன்றும். வீட்டிலிருந்த சவர்க்காரக் கட்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினேன். சிறு ஓட்டைக்கு லயத்தில் சவர்க்காரம் வைத்து அடைப்பதுண்டு. ஒரு ஓட்டைக்கு அது சரி. நான் ஒரு மணி நேரம் மழையில் நின்று முன்னூறு ஓட்டையை அடைத்தேன். கீழே திடீரென்று ஒப்பாரி நின்றுவிட்டது. ஏணியிலிருந்து குனிந்து பார்த்தேன். தகரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை இறங்கி, அழகம்மாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பாக்கியமக்கா முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னும் விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எறங்கு பாப்பா. வழுக்கி விழுந்துறப் போற."

இறங்கினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார்: "நாப்பது வருசம் மழையில நின்னவ. இன்னைக்கு ஒருநாளாவது காஞ்ச சீலையோட இருக்கட்டும்னு நெனச்சேன்."

இருட்டும் நேரத்தில் உடலைக் காம்பராவின் முன்னால் உள்ள சின்ன இஸ்தோப்புக்குள் நெருக்கி வைத்தார்கள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் அப்பா தன் மழைக்கோட்டைப் போர்த்தினார்.

சனிக்கிழமை காலை மகன் வந்து சேர்ந்தார். பத்து மணிபோல உடலை மறுபடி தகரத்தின் கீழ் கொண்டுவந்து காரியத்தைத் தொடங்கினார்கள். தூறல் விட்டது. திடீரென்று வெயில் எறித்தது.

ஆயிரத்துச் சொச்சம் ஓட்டைகளாலும் வெயில் இறங்கியது. கீழே சாம்பிராணிப் புகை. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் நூல் பிடித்தது போல ஒரு வெளிச்சம், சாய்வாக, நேராக, அழகம்மாவின் சேலைமேல், பாக்கியமக்காவின் ஈரத் தலைமேல், சுருக்கிப் பிடித்த குடைகளின்மேல். டிராக்டர் விளக்குக்கு வராதது வந்துவிட்டது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அந்த நேரம் பார்த்து, பாதையில் வேனை நிறுத்திவிட்டு விரிவுரையாளர் இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக நின்று, நெடுநேரம் மேலேயும் கீழேயும் பார்த்தார். பிறகு என் அருகே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் கன வருசமாப் படிப்பிக்கிறன் பிள்ளை. தன்ர படைப்பைச் செத்த வீட்டுக்குக் கூரையாக் குடுத்த ஒருத்தரையும் நான் காணேல்லை."

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாயும் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

காரியத்துக்குப் பொறுப்பு யாரென்று அவர் கேட்க, சங்கச் செயலாளர் என்று ஒருவர் அப்பாவைக் காட்டினார். "நீங்கள்தானே சங்கத்தின்ர செயலாளர்? இதுக்கு நீங்கள் எல்லாரும் சம்மதிச்சனீங்களோ?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பாக்கியமக்காவும் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க சேர்," என்றார். "சங்கத்துல பேசித்தான் கூரையாப் போட்டோம்."

ஊரே அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு நின்றது. ஒருவரும் மறுக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அழகம்மாவை அடக்கம் செய்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா தன் செலவில் எட்டுப் புதுத் தகரம் கொண்டுவந்து மடுவத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். பிறகு சங்கத் தலைவரிடம் போய், "இனி வேற யாரையாவது செக்கட்டரியாப் போட்டுக்குங்க" என்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சாவு வீட்டில் பொய் சொன்னவன் அந்த வேலையில் இருக்கக் கூடாது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

முடிவு வந்தது. எங்கள் பிரிவில் நான்தான் முதலிடம். மலைக்குப் போய், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பாக்கியமக்காவின் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க ஒரு பெரிய பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன்.

"பாஸாப் போச்சா?" என்றார்.

"மொதலாவதா வந்திருக்கேன்க்கா."

கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நான் தயார் செய்த பேச்சைச் சொல்லாமலே மலையிறங்கினேன்.

வருடா வருடம் அழகம்மாவின் நினைவு நாளுக்கு எங்கள் இரண்டு வீடும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். படையல் முடிந்து இலை போட்டதும் பாக்கியமக்கா தொடங்கிவிடுவார். "எங்கம்மா பள்ளிக்கூடத்து வாசல்கூட மிதிக்காதவ. ஆனா செத்த அன்னிக்கு ஒரு புள்ளைய கெம்பஸ்ல பாஸாக்கிட்டுத்தான் போனா!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அப்பா மட்டும் இலையை மடித்துவிட்டு, கை கழுவ வெளியே போய்விடுவார். பேச்சு வேறு பக்கம் திரும்பும்வரை உள்ளே வரமாட்டார்.